அறநெறியைக் கணக்கோடு சேர்த்துக் கற்பியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலம் ஒன்று இடிந்தாலோ, மென்பொருள் பிழையால் உயிர் போனாலோ, சோதனை முடிவுகளில் மோசடி அம்பலமானாலோ, பொறியாளர்களுக்கு அறநெறி கற்பிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை உடனே எழுகிறது. கல்வி நிறுவனங்களும் அதை ஏற்று, தொழில்முறை அறநெறி என்ற பெயரில் ஒரு தாளைப் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதிவிடுகின்றன. கட்டமைப்புப் பொறியியல் கற்பிப்பவன் என்ற முறையில், இந்தத் தனித் தாளால் பெரிய பயன் விளையவில்லை என்றும், அறநெறியைக் கற்பிக்க வேண்டியவர் விசையியலும் புள்ளியியலும் நிரலாக்கமும் நடத்துகின்ற அதே ஆசிரியர்தான் என்றும், அதற்கான இடம் அந்தந்தப் பாடத்தின் கணக்குகளும் செய்முறை வகுப்புகளுமே என்றும் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கூற விரும்புகிறேன்.

தனித் தாள் நடைமுறையில் என்ன ஆகிறது என்பதைப் பொறியியல் கல்லூரியின் வாசலை மிதித்த எவரும் அறிவர். பாட வேளை குறைவாக உள்ள ஆசிரியர் யாரோ அவர் தலையில் அது கட்டப்படுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு படித்தால் போதும் என்பது மாணவரிடையே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் அறிவுரை. வினாத்தாளும் அதற்கேற்ப, நேர்மை என்றால் என்ன, பொறுப்புணர்வு என்றால் என்ன, ஐந்து குறிப்புகளில் விளக்குக என்று கேட்கிறது. ஐந்து குறிப்புகளையும் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவர், அடுத்த வகுப்பில் உத்திரம் ஒன்றை வடிவமைக்கும்போது, அந்தக் குறிப்புகளுக்கும் தன் கையிலுள்ள கணக்குக்கும் உறவு உண்டென்று எண்ணுவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஏட்டளவில் குறை சொல்ல இடமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிப்பதற்காக 1989-இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கையின் உறுப்பு அமைப்புகள் வகுத்திருக்கும் பட்டதாரித் தகுதிகளில் அறநெறிக்கும் இடம் உண்டு. கல்லூரிக்கு அங்கீகாரம் தர ஆய்வுக்கு வரும் குழுவிடம் அந்தத் தகுதியை வளர்க்கிறோம் என்று காட்டுவதற்கு மிக எளிய சான்று ஒரு தனித் தாள்தான் என்பதால், அந்தத் தாள் நிலைத்துவிட்டது என்பது என் கணிப்பு.

கணக்கோடு சேர்த்துக் கற்பிப்பது என்றால் என்ன என்பதை விளக்க, ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில், ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் முன்கூடத்தில், 1981 ஜூலை 17 மாலை நடன நிகழ்ச்சிக்குக் கூட்டம் கூடியிருந்தபோது, கூரையிலிருந்து தொங்கிய இரண்டு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தனர். இரண்டாம் தளத்துப் பாலத்துக்கு நேர் மேலே நான்காம் தளத்துப் பாலம் இருந்தது. மூல வரைபடத்தின்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பி நான்காம் தளத்துப் பாலத்தின் உத்திரத்தை ஊடுருவிக் கீழே சென்று இரண்டாம் தளத்துப் பாலத்தையும் தாங்க வேண்டும். இரண்டு பாலங்களும் அந்தக் கம்பியில் தத்தமக்கு உரிய நட்டின் மீது தனித்தனியே அமர்ந்திருக்கும். அவ்வளவு நீளமான கம்பிக்கு மரை வெட்டுவது சிரமம் என்பதால், எஃகு வேலையை ஏற்றிருந்த நிறுவனம், கூரையிலிருந்து நான்காம் தளம் வரை ஒரு கம்பியும், நான்காம் தள உத்திரத்திலிருந்து இரண்டாம் தளம் வரை வேறொரு கம்பியும் போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை கூறியது. பார்வைக்கு அற்பமான மாற்றம். ஆனால் ஒரே கயிற்றைத் தனித்தனியே பற்றித் தொங்கும் இருவரில் கீழே இருப்பவர், கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் கால்களைப் பற்றிக்கொண்டால், கயிற்றின் மொத்தச் சுமை மாறாது. மேலே இருப்பவரின் கைகளில் விழும் சுமை மட்டும் இரட்டிப்பாகும். நான்காம் தள உத்திரத்தின் அடியிலிருந்த நட்டுக்கு நேர்ந்தது அதுதான்.

விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. மூல வரைபடத்தில் இருந்த இணைப்புகூட, நகரின் கட்டட விதிகள் கேட்ட குறைந்தபட்ச வலிமையில் சுமார் 60 விழுக்காட்டைத்தான் பெற்றிருந்தது. அந்த இணைப்பை எந்தக் கட்டத்திலும் எவரும் முறையாகக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. இணைப்பைக் கணக்கிடுவது தயாரிப்பாளரின் வேலை என்று வடிவமைப்பாளர் தரப்பு நினைத்தது. வரைபடத்தில் உள்ளதை வடிவமைப்பாளர் கணக்கிட்டிருப்பார் என்று தயாரிப்பாளர் தரப்பு நினைத்தது. தயாரிப்பாளர் வரைந்த பட்டறை வரைபடங்களில், சரிபார்த்து ஏற்றதற்கு அடையாளமான பொறியாளரின் முத்திரை விழுந்தது. பின்னர், பொறுப்பிலிருந்த பொறியாளர்கள் இருவரின் உரிமங்கள் பறிக்கப்பட்டன.

இதனை நான் அறநெறி என்ற தலைப்பிட்டு நடத்துவதில்லை. இரண்டு வரைபடங்களையும் கரும்பலகையில் போட்டு, ஊரையும் விபத்தையும் சொல்லாமல், ஒவ்வொரு நட்டின் மீதும் விழும் விசையைக் கணக்கிடுமாறு முதலாண்டு மாணவரிடம் கொடுத்தால், ஃப்ரீ பாடி டயகிராம், அதாவது ஒரு பொருளைத் தனியே பிரித்து அதன் மீது செயல்படும் விசைகளைக் குறிக்கும் படம், போடத் தெரிந்தவர் சில நிமிடங்களில் விடையைக் கண்டுவிடுவார். இறந்தவர் எண்ணிக்கையை அதன் பிறகுதான் சொல்ல வேண்டும். தான் பத்து நிமிடத்தில் போட்ட கணக்கைப் பட்டமும் அனுபவமும் உடைய பெரியவர்கள் போடாமல் விட்டது ஏன் என்ற கேள்வி மாணவர் மனத்தில் தானாகவே எழும். அந்தக் கேள்வியிலிருந்துதான் முத்திரை என்பதன் பொருள், மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுப்பவர் எதைச் சரிபார்க்கக் கடமைப்பட்டவர், வேலை அவசரத்தில் தொலைபேசியில் கேட்கப்படும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பனவற்றுக்கெல்லாம் வகுப்பு நகர முடியும். இதற்குக் கூடுதல் பாட வேளை எதுவும் தேவைப்படவில்லை. வழக்கமாகக் கொடுக்கும் ஒரு கணக்குக்குப் பதிலாக வேறொரு கணக்கு, அவ்வளவே.

இதைவிட அன்றாடமான இடம் செய்முறை வகுப்பு. ஊசலின் அலைவு நேரத்தை அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனையை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒருவருக்கு 9.2 என்று விடை வருகிறது. பாடநூலில் 9.8 என்று இருக்கிறது. விடை விலகினால் மதிப்பெண் குறையும் என்பது அவருக்குத் தெரியும். எனவே 9.8 வரும்படி பின்னோக்கிக் கணக்கிட்டு, அலைவு நேரங்களைப் புதிதாக எழுதிக்கொள்கிறார். ரெக்கார்டு நோட்டில் புள்ளிகள் எல்லாம் அளவுகோல் வைத்தாற்போல் ஒரே கோட்டில் அமைகின்றன. கையால் நிறுத்துகடிகாரத்தை இயக்கி எடுத்த அளவீடுகள் அவ்வளவு ஒழுங்காக விழ வாய்ப்பில்லை என்பது ஆசிரியருக்கும் தெரியும், தெரிந்தே கையொப்பமிடுகிறார். பொறியியல் படிப்பில் மாணவர் பெறும் முதல் அறநெறிப் பாடம் இதுதான் என்று நான் கருதுகிறேன். வேண்டிய விடையை முதலில் தெரிந்துகொண்டு அதற்கேற்ற தரவை ஆக்கிக்கொள்ளலாம் என்றும், மேலே இருப்பவர் அதைக் கண்டுகொள்ளமாட்டார் என்றும் அந்தப் பாடம் கற்பிக்கிறது. அதையும் ஒருமுறை அல்ல, எல்லாப் பருவங்களிலும் எல்லாச் செய்முறைகளிலும் திரும்பத் திரும்பக் கற்பிக்கிறது. விலைக்கு வாங்கிய இறுதியாண்டு புராஜெக்ட் இதன் இயல்பான அடுத்த படி. ஆகவே அதைப் பற்றித் தனியே புலம்ப ஒன்றுமில்லை.

இதை மாற்ற ஆசிரியர் செய்ய வேண்டியது எளியது, ஆனால் உழைப்பைக் கேட்பது. 9.2 என்று உண்மையாக எழுதிவிட்டு, நூலின் நீளத்தோடு குண்டின் மையம் வரையுள்ள தூரத்தைச் சேர்க்க மறந்தோமா, 20 அலைவு என்று எண்ணியது உண்மையில் 21-ஆ, வீச்சு மிகுதியாக இருந்ததா என்று ஆராய்ந்து ஒரு பத்தி எழுதும் மாணவருக்கு, 9.8 எழுதியவரைவிடக் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். திருத்துபவர் ஒவ்வொரு நோட்டையும் படித்தாக வேண்டும் என்பதால்தான் இது நடைபெறாமல் இருக்கிறது.

செய்முறை நோட்டில் திருத்துவதற்கும் பின்னாளில் செய்யும் பெரிய மோசடிக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் உத்தி ஒன்றுதான். 2015 செப்டம்பரில் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தில், உலகெங்கும் விற்கப்பட்ட சுமார் 1.1 கோடி டீசல் வாகனங்களில் இருந்த மென்பொருள், சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகைக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது. சாலையில் ஓடும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை வெளியேறின. அந்த மென்பொருளை எழுதியவர்களும், சோதித்தவர்களும், ஒப்புதல் தந்தவர்களும் பயிற்சி பெற்ற பொறியாளர்களே. வகுப்பில் சொல்ல வேண்டிய மறுபாதியும் இந்தக் கதையில் உண்டு. இதனை வெளிக்கொணர்ந்த தொடரின் முதல் கண்ணி, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாகனங்களைச் சாலையில் ஓட்டி எடுத்த அளவீடுகள். ஆய்வக முடிவுக்கு ஒத்துவராத எண்களை அவர்கள் ஒத்துவரச் செய்யாமல் அப்படியே 2014-இல் வெளியிட்டனர்.

புள்ளியியல் வகுப்புக்கும் இப்படி ஒரு பாடம் காத்திருக்கிறது. சாலஞ்சர் விண்ணோடம் 1986 ஜனவரி 28 அன்று புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறி 7 பேர் இறந்ததற்கு, ராக்கெட்டின் இணைப்புகளை அடைத்திருந்த, குளிரில் விறைத்துப்போன ரப்பர் வளையங்களே காரணம் என்பது பலரும் அறிந்தது. முந்தைய இரவு, ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் ஏவக்கூடாது என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதிட்டனர், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை அணியுமாறு அவர்களுடைய நிறுவனத்துக்குள்ளேயே ஒருவர் மற்றொருவரிடம் கூறினார், முடிவு மாறியது. மேலாளர்களின் குற்றத்தை நான் குறைக்க வரவில்லை. ஆனால் விசாரணைக் குழு சுட்டிக்காட்டிய இன்னொரு செய்தி மாணவருக்கு மிகவும் பயன்படும். வளையம் சேதமடைந்த ஏவல்களை மட்டும் வரைபடத்தில் குறித்தால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. சேதமே இல்லாத ஏவல்களையும் சேர்த்துக் குறித்தால், 66 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் நடந்த 20 ஏவல்களில் 3-இல் மட்டுமே சேதம் என்பதும், 63 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த 4 ஏவல்களிலும் சேதம் என்பதும் கண்ணில் அறைகின்றன. இந்த இரண்டு வரைபடங்களையும் மாணவரே வரைய வேண்டும். எந்தத் தரவை விட்டுவிடுகிறோம் என்பது உயிர்களைப் பற்றிய முடிவு என்று சொற்பொழிவால் உணர்த்துவதைவிட இது வலுவாக உணர்த்தும். செயற்கை நுண்ணறிவு பயில்வோருக்கு முகத்தைப் பார்த்துப் பாலினத்தைக் கணிக்கும் மென்பொருள்களைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு இதே வேலையைச் செய்யும்: சராசரித் துல்லியம் நன்றாகத் தோன்றிய மென்பொருள்களில், வெண்ணிற ஆண்களுக்கு 0.8 விழுக்காட்டைத் தாண்டாத பிழை, கருநிறப் பெண்களுக்கு 34.7 விழுக்காடு வரை சென்றது.

நிரலாக்கம் கற்பிப்போர் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தை விட்டுவிடலாகாது. 1985-க்கும் 1987-க்கும் இடையே இதன் மிகைக் கதிர்வீச்சுக்கு 6 நோயாளிகள் ஆளாகி, குறைந்தது 3 பேர் இறந்தனர். முந்தைய மாதிரியின் மென்பொருளிலும் பிழை இருந்தது. ஆனால் அங்கே தனியான வன்பொருள் தடுப்புகள் இருந்ததால் அது எவரையும் கொல்லவில்லை. புதிய மாதிரியில் மென்பொருளே போதும் என்று அந்தத் தடுப்புகள் நீக்கப்பட்டன. இயக்குபவர் சிகிச்சை வகையைத் தவறாகத் தட்டி, சில வினாடிகளுக்குள் திருத்திவிட்டால், திரை திருத்தத்தைக் காட்டும். இயந்திரம் அதை முழுதாக ஏற்றிருக்காது. ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் திரையில் வரும். அதற்கு என்ன பொருள் என்பதற்குக் கையேட்டில் பயனுள்ள விளக்கம் இல்லை. மிகைக் கதிர்வீச்சு சாத்தியமே இல்லை என்று மருத்துவமனைகளுக்கு உறுதியும் கூறப்பட்டிருந்தது. அந்தப் பிழையை மீண்டும் மீண்டும் முயன்று வரவழைத்துக் காட்டியவர்கள், மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய பெண்மணியும். தட்டச்சின் வேகமே காரணம் என்று கண்டவர்கள் அவர்கள்தாம். பிழைச்செய்தியைப் பயனர் புரிந்துகொள்ளும்படி எழுதாத மாணவருக்கு மதிப்பெண் குறைக்க இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இந்த யோசனைக்கு எழும் மறுப்புகளில், ஒழுக்கம் வீட்டில் வர வேண்டியது, பதினேழு வயதுக்கு மேல் கற்பிக்க முடியாது என்பது பழையது. மேலே கூறிய நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றில் தொடர்புடையோர் தீயவர்கள் அல்லர். பார்க்க வேண்டியதைப் பார்க்கப் பழகாதவர்கள், கேட்க வேண்டியவரிடம் கேட்கத் தயங்கியவர்கள். பார்ப்பதும் கேட்பதும் பயிற்சியால் வருபவை. இரண்டாவது மறுப்பை அவ்வளவு எளிதாகத் தள்ள இயலாது. புதிதாக வேலையில் சேர்ந்தவர் மேலதிகாரியிடம் முடியாது என்று சொன்னால் வேலை போகும், கல்லூரி என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். உண்மைதான். சாலஞ்சர் ஏவலைத் தடுக்க முயன்றவர்களில் ஒருவரான ரோஜர் பாஸ்ஜோலி, விசாரணையில் உண்மையைச் சொன்ன பிறகு நிறுவனத்தில் ஒதுக்கப்பட்டு வெளியேற நேர்ந்தது. தகவல் தருவோரைக் காக்கும் சட்டமும், பொறியாளரின் பின்னால் நிற்கும் தொழிற்சங்கமோ தொழில்முறைக் கழகமோ இல்லாத இடத்தில் தனிமனித நேர்மையை மட்டும் கோருவது கல்வியாளர்களுக்கு அழகல்ல. ஆனால், முடியாது என்று மோதுவதற்கும் வாய்மூடி இருப்பதற்கும் நடுவே பல படிகள் உண்டு. அவற்றைக் கல்லூரி கற்பிக்கலாம். ஐயத்தைக் கேள்வியாக எழுத்தில் கேட்பது, கணக்கை இணைத்து அனுப்புவது, நகலை வைத்துக்கொள்வது, தன்னைப் போல் ஐயம் கொண்டவர் உண்டா என்று தேடுவது, அடுத்த மேலதிகாரி யார், வெளியே உள்ள ஒழுங்குமுறை அமைப்பு எது என்று முன்பே தெரிந்து வைத்திருப்பது ஆகிய இவை வரைபடம் போடுவதைப் போலவே கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் திறன்கள்.

விடை தெளிவாக இல்லாத நிகழ்வுகளை வகுப்பில் எடுக்க ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். அவைதாம் மிகவும் வேண்டியவை. நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம் 1977-இல் கட்டி முடிந்த பின், அதன் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர், மூலைவாட்டில் அடிக்கும் கடுங்காற்றில் அதன் இணைப்புகள் போதாமல் போகலாம் என்று 1978-இல் கண்டார். தானே முன்வந்து உரிமையாளரிடமும் நகர அதிகாரிகளிடமும் சொன்னார்; இரவு நேரங்களில் இணைப்புகளின் மேல் எஃகுத் தகடுகள் பற்றவைக்கப்பட்டன. நெடுங்காலம் இது பொறியியல் நேர்மையின் உச்சமாகப் போற்றப்பட்டது. ஆனால் அந்தக் கட்டடத்திலும் அதைச் சுற்றியும் இருந்த மக்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. 1995-இல்தான் செய்தி வெளியானது. பீதியைத் தவிர்த்தது சரியா, தெரிந்துகொள்ளும் உரிமையைப் பறித்தது தவறா என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, மறைத்தது தவறு என்பதே அது. மாணவர்களில் பாதிப் பேர் மறுக்கிறார்கள், அவர்களுடைய வாதங்களும் இலேசானவை அல்ல.

உறுதிமொழி ஏற்பதைப் பற்றியும் ஒரு சொல். கனடாவில் பட்டம் பெறும் பொறியாளர்கள் 1925 முதல் ஒரு சடங்கில் உறுதியேற்று, சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் அணிகிறார்கள். மரியாதைக்குரிய வழக்கம்தான். நான்கு ஆண்டுகளில் ஒரு செய்முறை நோட்டைக்கூட உண்மையாக எழுதாதவர் விரலில் அது ஏறினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறேன்.

இனி, நடைமுறை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2017 முதல் தத்துவத் துறையினரும் கணினித் துறையினரும் சேர்ந்து, கணினிப் பாடங்களுக்குள்ளேயே அறநெறி வகுப்புகளைப் பொருத்தி நடத்துகிறார்கள். அத்தகைய ஆள்பலம் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்காது. அது இல்லாமலும் தொடங்கலாம். என் கோரிக்கை பல்கலைக்கழகங்களின் வினாத்தாள் குழுக்களுக்கு. வடிவமைப்புப் பாடம் ஒவ்வொன்றின் இறுதித் தேர்விலும் கட்டாய வினா ஒன்று இப்படி இருக்கட்டும்: ஒரு வரைபடமும், அதில் சிறு மாற்றம் கோரித் தயாரிப்பாளர் எழுதிய கடிதமும், இன்றே ஒப்புதல் வேண்டும் என்ற மேலாளரின் குறிப்பும் தரப்படும், மாணவர் மாற்றத்தின் விளைவைக் கணக்கிட்டு, ஒரு பக்கத்துக்கு மிகாமல் பதில் எழுத வேண்டும். கணக்குக்குப் பாதி மதிப்பெண். பதில் யாருக்கு எழுதப்பட்டது, எதைத் தெளிவாகச் சொன்னது, நகல் யாருக்குப் போனது என்பதற்கு மீதி. சில ஆண்டு வினாத்தாள்களில் கோரப்படும் மாற்றம் முற்றிலும் பாதுகாப்பானதாகவே இருக்க வேண்டும், இல்லையேல் மறுத்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்வார்கள். தேர்வில் வருவதை மட்டுமே வகுப்பு நடத்தும் என்பது நம் அனைவருக்கும் தெரிந்த உண்மையாதலால், இந்த ஒரு வினா வந்துவிட்டால் ஆசிரியர்கள் அதற்கேற்ற கணக்குகளைத் தேடத் தொடங்குவார்கள். தேடுவோருக்கு உதவியாக, இத்தகைய கணக்குகளைத் துறைவாரியாகத் தொகுத்துத் தமிழில் வெளியிடும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏதேனும் ஒன்று ஏற்றுக்கொண்டால், தனித் தாளுக்கு இப்போது செலவாகும் பாட வேளைகளை அந்த வேலைக்கே திருப்பிவிடலாம்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியியல் ஆசிரியர் ஒருவர்